ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை நிறுத்தாதீர்கள்

ஆராய்ச்சி நிதிக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சோடியம் அயனி பேட்டரிக்கான மின்முனைப் பொருள்களை உருவாக்கும் எங்கள் திட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு நிதி கிடையாது என்ற உங்கள் முடிவு கடிதமாக வந்து சேர்ந்தது. ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதம். எங்கள் பொருள்களின் கொள்திறன் (ஒரு கிராம் பொருள் ஏற்றுத் தரும் மின்னூட்டம்) உலக அளவில் ஏற்கெனவே வெளியான அளவுகளைத் தாண்டவில்லை, லித்தியத்தின் விலை இறங்கிவிட்டது, தனியார் நிறுவனங்கள் இத்துறைக்கு வந்துவிட்டன என்று மூன்று காரணங்கள் அதில் இருக்கின்றன. அவற்றின் கீழே ஓர் உத்தரவும் இருக்கிறது. குளோவ் பாக்ஸையும் (காற்றும் ஈரமும் புகாமல் கையுறை வழியாக வேலை செய்யும் பெட்டி) மின்கலச் சோதனைக் கருவியையும் வேறொரு நகரத்திலுள்ள பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுமாம். எங்கள் கல்லூரி வழியாக அனுப்பிய விளக்கத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

கொள்திறனிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டு காரணங்களைப் பற்றி வாதிடலாம். இது அளவுகோலையே தவறாகப் பிடித்திருக்கிறது.

உங்களில் பலர் இத்துறையை நன்கு அறிந்தவர்கள். ஆனாலும் எங்கள் மாணவர்களின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். லித்தியம் பேட்டரியும் சோடியம் பேட்டரியும் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. மின்னேற்றும்போது அயனிகள் நேர்மின்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளியை, அதாவது அயனிகளைக் கடத்தும் திரவத்தைக் கடந்து, எதிர்மின்முனைக்குள் போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), சோடியம் அயனியின் ஆரம் 1.02. பருமனான இந்த அயனியை ஆயிரம் முறை உள்ளே விட்டு வெளியே எடுத்தாலும் சிதையாத பொருளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. லித்தியம் பேட்டரிகளில் எதிர்மின்முனையாக இருக்கும் கிராஃபைட், சோடியத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. 1980களில் இரு தனிமங்களும் அருகருகே ஆராயப்பட்டும் சோடியம் பின்தங்கிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டில் கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் குளுக்கோஸைக் கரியாக்கிப் பெற்ற கடினக் கார்பன் (அடுக்குகள் ஒழுங்கின்றிக் கலைந்த ஒருவகைக் கரி) ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குச் சோடியத்தை ஏற்கும் என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் வழி திறந்தது.

நேர்மின்முனைக்கு மூன்று குடும்பங்கள் போட்டியிடுகின்றன: அடுக்கு ஆக்சைடுகள்; பாஸ்பேட், சல்பேட் போன்ற பல்லயனிச் சேர்மங்கள்; பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளின் வழிவந்தவை. 2012இல் ஜப்பானில் யாபூச்சி, கோமாபா குழுவினர் இரும்பும் மாங்கனீசும் கொண்ட அடுக்கு ஆக்சைடு ஒன்றில் ஒரு கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர் மணி காட்டினார்கள். நாங்கள் இறுதியாகத் தேர்ந்தெடுத்த சோடியம் இரும்பு பாஸ்பேட்-பைரோபாஸ்பேட்டின் கோட்பாட்டு வரம்பே 129தான். 129ஐ 190க்குப் பக்கத்தில் வைத்து, குறைவு என்று எழுதுவது எளிது. 190 தெரிந்தவர்கள் ஏன் 129ஐத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அறிக்கையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. உங்கள் கடிதத்தில் அதைப் படித்ததற்கான தடயம் இல்லை.

அந்த அத்தியாயம் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். எங்கள் ஆய்வகத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். முதலாண்டில் அடுக்கு ஆக்சைடுகளைத்தான் செய்தோம். உலையிலிருந்து எடுக்கும்போது தூள் கருமையாக, உதிரியாக இருக்கும். அதைக் கார்பன் தூளோடும் பிணைப்பானோடும் (தூளைத் தாளில் ஒட்டவைக்கும் பசை) சேர்த்துக் கரைப்பானில் குழைத்து, அலுமினியத் தாளின்மேல் மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் அந்தக் குழம்பு கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும். முதலில் கலக்கும் தண்டிலிருந்து வழியாமல் நிற்கும். சற்று நேரத்தில் கூழாகிப் பழுப்பேறும். அப்படியே தாளில் இழுத்தால் திப்பி திப்பியாக நிற்கும். காய்ந்ததும் ஓரத்திலிருந்து உரிந்து வரும். காரணம் வேதியியலில் தெளிவாக இருக்கிறது. அடுக்குகளுக்கிடையே உள்ள சோடியம் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து, தூளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் படிகிறது. அந்தக் காரம் பிணைப்பானைச் சிதைக்கிறது. மூடிய பாட்டிலில் சில நாள் வைத்திருந்த தூளை எக்ஸ் கதிரில் பார்த்தாலே படிக அமைப்பைக் காட்டும் உச்சங்கள் இடம் மாறியிருப்பது தெரியும்.

குளிர்ந்த, வறண்ட நாடுகளில் இந்தத் தொல்லையை ஈரம் நீக்கிய அறைகளைக் கட்டிச் சமாளிக்கிறார்கள். அந்த அறையை நாள் முழுவதும் உலர்வாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பது பேட்டரி ஆலை நடத்துபவர்களுக்குத் தெரியும். நம் கடற்கரையில் அந்தச் செலவு இன்னும் கூடும். அதனால்தான் கொள்திறன் குறைந்தாலும் காற்றைத் தாங்கும் பொருள் வேண்டும் என்று முடிவு செய்தோம். இரும்பு பாஸ்பேட்-பைரோபாஸ்பேட்டை அதே கார்த்திகையில், அதே மேசையில், நீரிலேயே குழைத்துப் பூசினோம். பூச்சு படிந்தது, காய்ந்தது, தாளை மடக்கினாலும் உதிரவில்லை. நிக்கல் இல்லை, கோபால்ட் இல்லை, வனேடியம் இல்லை. சோடியம், இரும்பு, பாஸ்பேட் அவ்வளவுதான். சீனாவில் இந்தச் சேர்மத்தை வணிக அளவிலேயே தயாரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீரில் குழைப்பதை நாங்கள் வலியுறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான பிணைப்பானைக் கரைக்கப் பயன்படும் என்-மெத்தில் பைரோலிடோன் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. எங்கள் மாணவர்களில் சிலர் கடலூர் சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து வருகிறார்கள். ரசாயன நாற்றத்துக்கு எதிராக அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தவர்கள். நாளை இந்த மாவட்டங்களில் மின்முனைத் தொழிற்சாலை ஒன்று வருமானால் அதன் புகைபோக்கி யாருடைய வீட்டுப் பக்கம் இருக்கும் என்று அந்த மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக் கட்டத்திலேயே அதற்கு விடை தேடுவது எங்கள் கடமை என்று நினைத்தோம். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அடுத்து எதிர்மின்முனை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பட்டறைகளின் பின்புறம் ஓடு மலைபோல் குவிந்திருக்கும். அதைக் கடினக் கார்பனாக்க முடியுமா என்பது எங்கள் திட்டத்தின் இரண்டாம் பாதி. தாவரப் பொருள்களிலிருந்து கடினக் கார்பன் செய்வது புதிதன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாங்கள் வாங்கும் ஜப்பானியச் சரக்கும் தாவர மூலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஒவ்வொரு தாவரமும் தன் சிக்கலைத் தன்னோடு கொண்டுவரும். முந்திரி ஓட்டின் சிக்கல் அதன் எண்ணெய். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குகிற அந்த எண்ணெய், உலையில் ஏற்றினால் ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனையில் தாராகப் படிகிறது. உலைக்குள் செலுத்தும், எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு வெளியேறும் வழியை அடைக்கிறது.

எங்கள் ஆய்வு மாணவி ஒருவரின் குடும்பம் அந்தப் பட்டறைகளில் ஒன்றில் வேலை செய்கிறது. ஓடு என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், வறுத்து உடைத்த ஓடு வேறு, ஆவியில் அவித்து உடைத்த ஓடு வேறு என்று முதலில் சொன்னவர் அவர்தான். வறுத்ததில் எண்ணெயின் பெரும்பகுதி போய்விடும், ஓடும் பாதி கரியாகியிருக்கும். அவித்ததில் எண்ணெய் அப்படியே தங்கும். இரண்டையும் கலந்து வாங்கியபோது ஒரு தொகுதியின் முடிவு அடுத்த தொகுதியோடு ஒத்துவரவேயில்லை. பிரித்து வாங்கியதும் ஒத்துவந்தது. அவித்த ஓட்டில் எண்ணெயைப் பிழிந்தெடுத்து, 500 டிகிரியில் முதற்கரியாக்கி, நீர்த்த அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் நீக்கி, ஆர்கானில் 1,200 டிகிரிக்கு மேல் சுடும் முறையைப் படிப்படியாக வகுத்தோம். பிழிந்த எண்ணெய் பெயின்ட், பிசின் தொழிலுக்கு விலைபோகும். எங்கள் கார்பனின் கொள்திறன் ஸ்டீவன்ஸ், டான் சொன்ன 300க்குச் சற்றுக் கீழேதான். ஆனால் அந்தக் கரி, தொகுதி மாறினாலும் குணம் மாறாமல் வருகிறது. எந்த ஆலை மேலாளரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முறை கிடைத்த 350 வேண்டுமா, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் 280 வேண்டுமா என்று.

இங்கே இன்னொன்றையும் திறந்து சொல்ல வேண்டும். ஆய்விதழ்களில் வரும் பெரிய எண்களில் பெரும்பாலானவை அரைக்கலத்தில் எடுத்தவை. அதாவது எதிர்ப்பக்கத்தில் சுத்த சோடியம் உலோகத்தை வைத்து அளந்தவை. கடினக் கார்பனில் முதல் மின்னேற்றத்தின்போது மேற்பரப்பில் ஒரு படலம் உருவாகி, சோடியத்தில் ஒரு பகுதியைத் திரும்பத் தராமல் விழுங்கிவிடுகிறது. எதிரே உலோகச் சோடியம் வேண்டிய மட்டும் இருக்கும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டைக் குடத்தை நிறைத்துக் காட்டுவது போன்றது அது. உண்மையான பேட்டரியில் சோடியம் முழுவதும் நேர்மின்முனையிலிருந்துதான் வந்தாக வேண்டும். போனது போனதுதான். நாங்கள் எங்கள் இரு மின்முனைகளையும் எதிரெதிரே வைத்து முழுக்கலம் செய்து, அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்து எண்களைக் கொடுத்தோம். அரைக்கல எண்களை மட்டும் கொடுத்திருந்தால் எங்கள் அறிக்கை உங்கள் கண்ணுக்கு இன்னும் அழகாகத் தெரிந்திருக்கும். நேர்மையாக அளந்தவர்களை அதற்காகவே தள்ளிவைத்தால், அடுத்து விண்ணப்பிக்கப் போகும் இளைஞர்களுக்கு எந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்?

இனி, காலத்தைப் பற்றி. இந்த முடிவில் எனக்கு ஆற்றாமை அதிகம் தருவது இதுதான். ஒரு கலத்தை ஐந்து மணி நேரத்தில் ஏற்றி ஐந்து மணி நேரத்தில் இறக்கினால் ஒரு சுற்றுக்கு 10 மணி நேரம். 1,000 சுற்றுக்கு 10,000 மணி நேரம். ஓர் ஆண்டில் இருப்பது 8,760 மணி நேரம். வேகமாக ஏற்றி இறக்கி நாளைக் குறைக்கலாம். ஆனால் மெதுவாக ஓடும்போது மட்டுமே வெளிப்படும் சிதைவுகள் அதில் மறைந்துவிடும். மூன்று ஆண்டுத் திட்டத்தில் முதலாண்டு கருவி வாங்குவதிலும் டெண்டரிலும் போகிறது. இரண்டாம் ஆண்டு தவணை, ஆண்டு பாதி கடந்த பிறகு வருகிறது. பொருள் நிலைபெற்று, முழுக்கலங்கள் நீண்ட சோதனையில் ஏறியிருக்கும் நேரத்தில் கருவியைக் கழற்றச் சொல்கிறீர்கள். இந்த வரியை நான் எழுதும்போதும் அந்தக் கலங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. காசு அளவே உள்ள அந்தக் கலங்களைக் கருவியிலிருந்து கழற்றி வண்டியில் ஏற்றி வேறோர் இடத்தில் மாட்டினால் சோதனை தொடராது. இடையில் நின்ற நாள்களில் கலத்துக்குள் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவரை செலவான பொதுப்பணத்தின் பலன் அந்தக் கடைசி ஆண்டில்தான் இருக்கிறது.

பேட்டரியின் வரலாறு முழுவதும் இந்தப் பொறுமையின் வரலாறுதான். லித்தியம் பேட்டரியின் நேர்மின்முனையாக லித்தியம் கோபால்ட் ஆக்சைடை அறிவியலாளர் குட்எனஃப் அறிவித்தது 1980இல். சோனி அந்தப் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு வந்தது 2019இல். சோடியத்துக்கான கடினக் கார்பன் 2000இல் வந்தது. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் கிலோவுக்கு 160 வாட் மணி கொண்ட சோடியம் அயனி பேட்டரியை அறிவித்தது 2021இல். இடையில் இருபத்தொரு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் யாரோ ஒரு குழு யாரோ ஓர் ஆய்வகத்துக்கு மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் பணம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

லித்தியத்தின் விலை பற்றிய உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. 2022 நவம்பரில் உச்சத்தில் இருந்த லித்தியம் கார்பனேட் விலை அடுத்த ஓர் ஆண்டுக்குள் பல மடங்கு சரிந்தது. ஆனால் அப்படி ஏறி இப்படி இறங்குகிற ஒன்றின் இன்றைய விலையை வைத்து ஒரு நாட்டின் ஆராய்ச்சியைத் திறப்பதும் மூடுவதும் எப்படிச் சரியாகும்? ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கக்கூடும் என்று 2023இல் அறிவித்தார்கள். ஏலத்துக்குப் போதிய ஆள் வராமல் அது ரத்தானது. பேட்டரிக்கேற்ற கிராஃபைட்டுக்கும் பிறரையே பெரிதும் நம்பியிருக்கிறோம். 2023 டிசம்பர் முதல் பேட்டரிக்கான கிராஃபைட்டை ஏற்றுமதி செய்யச் சீனா அனுமதி முறையைக் கொண்டுவந்துவிட்டது. சோடியத்துக்கு நாம் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் சாலையோரமாகவே விரிந்து கிடக்கின்றன. சோடியம் அலுமினியத்தோடு உலோகக் கலவையாகாது என்பதால் இரு மின்முனைகளுக்கும் அலுமினியத் தாளே போதும்; லித்தியத்தின் எதிர்மின்முனைக்குச் செம்பு வேண்டும். சோடியம் கலத்தைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கிப் பாதுகாப்பாக லாரியிலும் ஏற்றலாம். இவையெல்லாம் நான் புதிதாகச் சொல்பவை அல்ல; உங்கள் சொந்த அறிவிப்பில், இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது, நீங்களே இதே திசையில்தான் எழுதியிருந்தீர்கள்.

சோடியம் பேட்டரி எடை கூடியது. அதே ஆற்றலுக்கு லித்தியத்தைவிடப் பெரியது. அதை யாரும் மறைக்கவில்லை. நெடுந்தூரம் போகும் காருக்கு அது உகந்ததில்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு வேண்டியது கார் மட்டுமா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. ஆரம்பச் சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும், குடிநீர்த் தொட்டி மோட்டாருக்கும், மீன் இறங்குதளத்து ஐஸ் அறைக்கும் தரையில் அசையாமல் நிற்கும் பேட்டரிதான் வேண்டும். அது எத்தனை கிலோ என்று யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனை ஆண்டு உழைக்கும், எவ்வளவு விலை, தீப்பற்றுமா என்று கேட்பார்கள். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 2024இல் 100 மெகாவாட் மணி கொண்ட சோடியம் அயனிச் சேமிப்பு நிலையம் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டுவிட்டது.

தனியார் வந்துவிட்டார்கள் என்கிறீர்கள். வரட்டும், மகிழ்ச்சி. ரிலையன்ஸ், சோடியம் அயனி பேட்டரி உருவாக்கும் பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அங்கே பத்தாண்டு வேலை நடந்திருந்ததால்தான் வாங்க ஒரு நிறுவனம் இருந்தது. புனேயில் கேபிஐடி நிறுவனம் 2023இல் அறிவித்த சோடியம் அயனித் தொழில்நுட்பம் அங்குள்ள அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து உருவானது. இவை இரண்டும் எங்கள் பக்கத்துச் சான்றுகள்.

கருவிகளை இடம் மாற்றும் உத்தரவுக்கு வருகிறேன். பெரிய நிறுவனத்தில் இருந்தால் நன்றாகப் பயன்படும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. இந்த எண்ணம் அன்று எல்லோருக்கும் இருந்திருந்தால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்திருக்காது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். சென்னையிலிருந்து அத்தனை தொலைவில், செட்டிநாட்டுச் செம்மண்ணில், நாட்டின் மின்வேதியியல் வளர்ந்தது. அங்கே பயின்றவர்கள் இன்று உலகெங்கும் பேட்டரி ஆய்வகங்களில் இருக்கிறார்கள். ஊர் சிறிது என்பது தடையாகவில்லை.

எங்கள் குளோவ் பாக்ஸில் ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கின்றன. கடற்கரைக் காற்றுக்கு நடுவே அதை அப்படி நிறுத்தி வைத்திருப்பது எளிதான வேலையில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு நீங்கள் நிதித் தலைப்பு ஒதுக்கவில்லை. ஆர்கான் சிலிண்டருக்குக் கொடுத்த தொகை விலையேற்றத்தில் கரைந்தது. துறையிலுள்ள ஆசிரியர்கள் தங்கள் பையிலிருந்து போட்டுச் சிலிண்டர் வாங்கிய மாதங்கள் உண்டு. மின்தடையில் உலை நின்று, ஆர்கான் ஓட்டம் அறுந்து, குழாயில் இருந்த மாதிரி சாம்பலானபோது மறுநாள் காலையில் மாணவர்கள் புதிய மாதிரியோடு வந்து நின்றார்கள். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். தொலைநகரத்து நிறுவனத்துக்குக் கருவி போகலாம். அவர்களால் பின்னாலேயே போக முடியாது. முந்திரி ஓட்டின் வேற்றுமையைச் சொன்ன அந்த மாணவியின் உதவித்தொகை உங்கள் கடிதம் தேதியிட்ட மாதத்தோடு நின்றுவிட்டது. வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். அவர் இன்னும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருக்கிறார், சம்பளமில்லாமல்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

முதலாவதாக, கருவிகளை இடம் மாற்றும் உத்தரவை உடனே நிறுத்திவையுங்கள். இப்போது சோதனையில் இருக்கும் முழுக்கலங்கள் 1,000 சுற்றை முடிக்கும் வரை அந்தக் கருவிகள் இருக்குமிடத்தில் இருக்க வேண்டும். இதற்குப் புதிதாகப் பணம் எதுவும் தேவையில்லை. ஒரு வரி உத்தரவு போதும்.

மூன்றாம் ஆண்டு நிதியை விடுவியுங்கள். முழுவதும் இப்போதே இயலாது என்றால், ஆய்வு மாணவர்களின் நிலுவை உதவித்தொகையையும் ஆர்கானுக்கும் பராமரிப்புக்குமான தொகையையும் முதலில் கொடுங்கள். உதவித்தொகையை எந்தக் காரணத்துக்காகவும் திட்டத்தின் மதிப்பீட்டோடு முடிச்சுப்போடக் கூடாது என்று விதியில் எழுதுங்கள்.

எங்கள் அறிக்கையை மறுபடியும் மதிப்பிடச் செய்யுங்கள். முழுக்கலம் செய்து பழகிய ஒருவராவது அந்த மதிப்பீட்டில் இருக்க வேண்டும். முதல் சுற்று இழப்பு, ஈரக்காற்றில் நிலைப்பு, தொகுதிக்குத் தொகுதி ஒத்துவருதல், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்தக் கரைப்பான் என்பவற்றையும் கொள்திறனோடு சேர்த்து மதிப்பெண் இட வேண்டும். மதிப்பீட்டாளர்களின் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதியதை எங்களுக்குக் காட்டுங்கள். முடிந்தால் உறுப்பினர் ஒருவர் நேரில் வாருங்கள். ஐப்பசியில் வந்தால் இன்னும் நல்லது. குழம்பு கிண்ணத்தில் இறுகுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி வரும் மின்முனைப் பொருள் திட்டங்களுக்கு ஐந்து ஆண்டுக் காலம் கொடுங்கள். இடையில் ஆய்வு செய்து நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள், ஆனால் நீண்ட சோதனை ஏறிய பிறகு நிறுத்தாதீர்கள். வாயு, பராமரிப்பு, மின்தடையைத் தாங்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பு ஒதுக்குங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில், காரணங்களோடு பதில் வேண்டும். கருவிகளை ஏற்ற வண்டி வருவதற்கு முன்னால் அது வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் துறை ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி